பீட் பாஸில்த்வெயிட்: ஒரே முகம், எத்தனை அப்பாக்கள்!

மூணாம்வரிசை (இழையைத் தொடங்கியவர்)

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் 'இன்செப்ஷன்' படத்தை மறுபடியும் ஓடவிட்டேன். கனவுக்குள் கனவு, ஊரே மடிந்து தலைக்கு மேல் வருவது எல்லாம் பழகிப்போன விஷயம். இந்தத் தடவை என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தக் கட்டில் காட்சி. கோடீஸ்வர அப்பா சாகக் கிடக்கிறார். மகன் சிலியன் மர்ஃபி பக்கத்தில் குனிந்திருக்கிறான். 'ஏமாற்றம்' என்ற ஒரு சொல்லைத் தொண்டையிலிருந்து பிய்த்து எடுக்கிறார் மனுஷன். உங்களைப் போல நான் ஆகவில்லையே என்றுதானே அப்பா, என்கிறான் மகன். இல்லை, என்னைப் போல ஆக முயற்சி செய்தாயே, அதற்குத்தான் என்கிறார். இரண்டரை மணி நேரப் படம் மொத்தமும் அந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த வரியைச் சொல்ல அவருக்குக் கிடைத்தது ஒரு கட்டிலும் கொஞ்சம் மூச்சும்தான்.

அவர்தான் பீட் பாஸில்த்வெயிட். 1946 பிப்ரவரி 7 அன்று இங்கிலாந்தின் வாரிங்டன் ஊரில் பிறந்தவர். சாதாரண உழைக்கும் கத்தோலிக்கக் குடும்பம், நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி. படம் 2010 ஜூலையில் வந்தது. 2011 ஜனவரி 2 அன்று புற்றுநோயில் போய்விட்டார். வயது 64.

அப்புறம் உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது. இவருடைய பெரிய வேடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1988, 'டிஸ்டன்ட் வாய்சஸ், ஸ்டில் லைவ்ஸ்': வீட்டையே நடுங்கவைக்கும் அப்பா. 1993, 'இன் தி நேம் ஆஃப் தி ஃபாதர்': மகனுக்காகச் சிறைக்குள் சாகும் அப்பா. 1996, 'பிராஸ்ட் ஆஃப்': சொந்த மகனைவிட பேண்டு வாத்தியத்தைப் பெரிதாக நினைக்கும் அப்பா. 2010, 'இன்செப்ஷன்'. நான்கும் அப்பா. ஒன்று போல இன்னொன்று கிடையாது.

என் கட்சி இதுதான்: வில்லன், துணைப் பாத்திரம், 'அந்தக் கன்னத்தெலும்பு ஆள்' என்றெல்லாம் இவரைச் சொல்கிறோம். உண்மையில் இவர் அப்பாக்களின் நடிகர். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

கத்திரிவெயில்

மறுப்பு இருக்கிறது சார். 64 வயது வரை நடித்த ஆளுக்கு அப்பா வேடம் வராமல் மாப்பிள்ளை வேடமா வரும்? அந்த முகத்துக்கு அதுதான் கிடைத்தது, நடித்தார். இதில் தத்துவம் எங்கே இருக்கிறது?

இவரை எனக்குத் தெரிந்தது 'தி யூஷுவல் சஸ்பெக்ட்ஸ்' வழியாக மட்டும்தான். கோபயாஷி என்ற வக்கீல். பெயர் ஜப்பானியப் பெயர், முகம் வெள்ளைக்காரன் முகம், பேச்சு நம் ஊர்ப்பக்கத்து ஆள் இங்கிலீஷ் பேசுவதுபோல. சகிக்கவில்லை.

டூரிங்டாக்கீஸ்

தம்பி கத்திரிவெயில், அந்தப் பெயருக்கும் முகத்துக்கும் பேச்சுக்கும் ஒட்டே இல்லாமல் இருப்பதுதான் விஷயமே. கடைசிக் காட்சியில் அந்தக் காபிக் கோப்பையைத் திருப்பிப் பார்த்தால் அடியில்

மட்டுறுத்துநர்

மேலே உள்ள பதிவின் பின்பாதி வெட்டப்பட்டது. 1995ஆம் வருடப் படமாக இருந்தாலும் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள்.

டூரிங்டாக்கீஸ்

முப்பது வருஷமாகப் பார்க்காதவர்கள் இனிமேலா பார்க்கப்போகிறார்கள்? சரி, விடுங்கள். கோப்பை என்று மட்டும் சொல்லிவிட்டேன், புரிந்தவர்களுக்குப் புரியும். அது ஒரு ஆளின் நிஜமான பேச்சாக இருக்கவேண்டிய அவசியமே கிடையாது. வேறொருவன் வாயில் பிறந்த ஆள் அந்தக் கோபயாஷி. அப்படிப்பட்ட ஒருவன் எந்த ஊர்க்காரன் போலப் பேசுவான்? எந்த ஊரும் இல்லாமல்தான் பேசுவான். பாஸில்த்வெயிட் அதைத்தான் செய்திருக்கிறார்.

ஈரோட்டுக்காரி

முதலில் ஒரு சந்தேகம். அந்தப் பெயரை எப்படித்தான் உச்சரிப்பது? ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதுகிறீர்கள்.

மூணாம்வரிசை

நடுவில் வரும் 't' வாயில் வராது. 'பாஸில்த்வெயிட்' என்பது கிட்டத்தட்ட சரி. வட இங்கிலாந்துப் பெயர் அது. 'த்வெயிட்' என்றால் பழைய நார்ஸ் மொழியில் காடு வெட்டித் திருத்திய நிலம். தொழிலுக்கு வந்த புதிதில் பெயரை மாற்று என்று எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். அரங்க வாசலில் இவ்வளவு நீளப் பெயரை விளக்கெழுத்தில் போட்டால் கரண்டு பில் கட்டி மாளாது என்று கேலி. மனுஷன் மாற்றவில்லை.

கத்திரிவெயிலுக்குப் பதில். வயது காரணம் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். 'டிஸ்டன்ட் வாய்சஸ்' வந்தபோது அவருக்கு 42 வயதுதான். அதற்கு முன்னால் பெரும்பாலும் மேடை. முதலில் பாதிரியாராகப் போகலாம் என்ற எண்ணம். அப்புறம் ஆசிரியர் பயிற்சி முடித்து, மான்செஸ்டரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் நாடகம் சொல்லிக்கொடுத்தார். அந்த வேலையை விட்டுவிட்டுத்தான் பிரிஸ்டல் ஓல்ட் விக் நாடகப் பள்ளியில் போய்ச் சேர்ந்தார். பிற்பாடு இவருக்கு மகனாக நடித்த டேனியல் டே-லூயிஸும் அதே பள்ளியில் படித்தவர்தான்.

லிவர்பூல்வாசி

பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் வருவது எங்கள் ஊர் அத்தியாயம், அதை நான் சொல்கிறேன். ஹோப் ஸ்ட்ரீட்டில் இருக்கும் எவ்ரிமேன் அரங்கம். 1970களில் அங்கே இருந்த கூட்டத்தைப் பாருங்கள்: ஜூலி வால்டர்ஸ், பில் நை, ஜொனாதன் பிரைஸ், ஆன்டனி ஷெர், கூடவே இந்த பாஸில்த்வெயிட். அன்றைக்கு ஒருவரும் வெளியுலகத்துக்குத் தெரிந்த முகம் இல்லை. ஜூலி வால்டர்ஸும் இவரும் கொஞ்ச காலம் காதலர்களாகவும் இருந்தார்கள்.

2008இல் லிவர்பூல் ஐரோப்பாவின் கலாசாரத் தலைநகரமாக இருந்தது. அந்த வருஷம் அதே எவ்ரிமேனுக்குத் திரும்பி வந்து ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நடித்தார். இயக்கம் ரூபர்ட் கூல்ட். ஹாலிவுட்டில் பெயர் வாங்கிய பிறகு லண்டனில்தான் லியர் போடுவேன் என்று சொல்லவில்லை. முதலில் இங்கே. லண்டன் யங் விக் அரங்குக்கு அது போனது பிறகுதான்.

அந்தப் பழைய கட்டடம் இப்போது இல்லை. 2011இல் மூடி, இடித்து, 2014இல் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். கட்டடக்கலைக்குக் கொடுக்கும் ஸ்டர்லிங் பரிசும் அந்த வருஷம் அதற்குத்தான். முகப்பில் 105 உலோகத் தகடுகள், ஒவ்வொன்றிலும் ஊர்க்காரர் ஒருவரின் முழு உருவம். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கடைக்காரர், பாட்டி, சின்னப் பையன் என்று சாதாரண ஜனங்கள் வரிசையாக நிற்கிறார்கள். நட்சத்திரங்களின் படத்தை மாட்டவில்லை. அந்த வழியாகப் போகும்போதெல்லாம், இந்த மனுஷன் பார்த்திருந்தால் ரசித்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

அண்ணே மூணாம்வரிசை, உங்கள் கணக்கில் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். லியரும் அப்பாதான். ஐந்து.

மூணாம்வரிசை

ஐயோ, அதை எப்படி விட்டேன்! நன்றி தம்பி.

ஈரோட்டுக்காரி

ஐந்து அப்பாக்கள் இருக்கட்டும். ஒரு மகனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1999இல் வந்த 'லாஸ்ட் ஃபார் வேர்ட்ஸ்' என்ற தொலைக்காட்சிப் படத்தில் இவர் மகன். அம்மாவாக தோரா ஹேர்ட். வயசான அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து சொற்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும் நடுத்தர வயது மகன். அந்தப் படத்தில் இவர் பெரிதாக ஒன்றுமே செய்யவில்லை. அம்மா பேசுவதைக் கேட்கிறார், அவ்வளவுதான். அம்மா சிரித்தால் அந்தப் பாறை முகம் இளகுகிறது. பிரிட்டனின் பாஃப்டா விருது அம்மாவுக்குப் போனது. நியாயம்தான். ஆனால் எதிரே ஒருவர் அப்படி உட்கார்ந்து கேட்காமல் இருந்திருந்தால் அந்த அம்மா யாரிடம் பேசியிருப்பார்?

கத்திரிவெயில்

அக்கா, 'கேட்பதே நடிப்பு' என்பதை எல்லா நடிகருக்கும் சொல்கிறார்கள். இவருக்கு மட்டும் என்ன விசேஷம்? ஒரே ஒரு காட்சி சொல்லுங்கள். தேடிப் பார்க்கிறேன்.

மூணாம்வரிசை

'டிஸ்டன்ட் வாய்சஸ்'. டெரன்ஸ் டேவிஸ் தன் சொந்தக் குடும்பத்தை வைத்து எடுத்த படம். 1940, 50களின் லிவர்பூல். படத்தில் வீட்டுச் சுவரில் தொங்கும் அப்பாவின் புகைப்படம் டேவிஸின் நிஜ அப்பாவுடையது. அந்த அப்பாவாகத்தான் நம் ஆள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ராத்திரி. பிள்ளைகள் தூங்குகிறார்கள். அப்பா சத்தம் போடாமல் வந்து, கட்டில் காலடியில் தொங்கும் காலுறைகளில் பரிசுகளைப் போடுகிறார். பிள்ளைகளைப் பார்த்துத் தனக்குள்ளேயே ஆசீர்வாதம்போல ஒன்று சொல்கிறார். அந்த நிமிஷம் முகத்தில் இருப்பது நூற்றுக்கு நூறு பாசம். நடிப்பு என்றே தோன்றாது.

அடுத்தது, கிறிஸ்துமஸ் விருந்து. பிள்ளைகள் வாயைத் திறக்காமல் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். தட்டில் சாப்பாடு. அப்பாவின் கை மேஜை விரிப்பைப் பிடித்துக் கசக்குகிறது. ஒரே இழுப்பு. எல்லாம் தரையில். பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கத்தி, வந்து துடை என்கிறார்.

நடுவில் விளக்கம் எதுவும் கிடையாது. ஏன் கோபம், யார் மேல் கோபம், ஒன்றும் சொல்லப்படவில்லை. வேறு நடிகராக இருந்தால் முதல் காட்சியிலேயே கண்ணில் கொஞ்சம் கொடூரத்தைக் காட்டி நம்மைத் தயார்படுத்தியிருப்பார். இவர் அதைச் செய்யவில்லை. பாசம் வந்தால் முழுப் பாசம், ஆத்திரம் வந்தால் முழு ஆத்திரம். இரண்டுக்கும் நடுவே பாலம் போடும் வேலையைப் பார்ப்பவர் தலையில் கட்டிவிடுகிறார். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளைகளின் தலையிலும் விழுந்தது அதே வேலைதானே.

குதிரைக்கு உடம்பு தேய்த்துவிட்டபடி பாட்டு முணுமுணுக்கும் காட்சி ஒன்றும் உண்டு. பிள்ளைகள் மேலே ஒளிந்துகொண்டு அப்பாவைப் பார்ப்பார்கள். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், விட்டுவிடுகிறேன்.

நாயனக்காரன்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. 'பிராஸ்ட் ஆஃப்' என்ற பெயரைப் பார்த்ததும் கை நிற்கவில்லை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நாகஸ்வரம். படத்தில் வாத்தியக்காரராக நடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். விரல் ஒரு பக்கம் போகும், சத்தம் ஒரு பக்கம் போகும்.

இந்தப் படத்தில் அவர் வாசிக்கவில்லை, நடத்துகிறார். டேனி என்ற கண்டக்டர். (பஸ் கண்டக்டர் இல்லை. ஆனால் படம் முடியும்போது இவர்கள் எல்லாரும் மேல்மாடி திறந்த பஸ்ஸில்தான் வாசித்துக்கொண்டு போகிறார்கள்.) கதையில் ஊர் பெயர் கிரிம்லி. நிஜத்தில் யார்க்‌ஷயரின் கிரைம்தார்ப். இசை வாசித்திருப்பதும் நிஜமான கிரைம்தார்ப் சுரங்கத் தொழிலாளர் பேண்டுதான். 1992 அக்டோபரில் சுரங்கங்களை மூடப்போகிறோம் என்று அரசு அறிவித்தது. அதற்குச் சில நாள் கழித்து அந்த பேண்டு லண்டன் போய் தேசியப் போட்டியில் ஜெயித்தது. 1993இல் சுரங்கம் மூடியாயிற்று. பேண்டு இன்றும் இருக்கிறது.

அவர் கையைக் கவனியுங்கள். குச்சியை அலங்காரமாகச் சுழற்றமாட்டார். எடுப்பு எங்கே என்று காட்டுவார், தப்பு வந்தால் கண்ணை மட்டும் அந்த ஆள் பக்கம் திருப்புவார். எங்கள் தாத்தாவும் அப்படித்தான். வாசித்துக்கொண்டே ஒரு பார்வை பார்ப்பார், தவில்காரருக்கு வேர்த்துவிடும்.

அப்புறம் ஆஸ்பத்திரிக் காட்சி. நிலக்கரித் தூசி நுரையீரலில் படிந்து டேனி படுத்துவிடுகிறார். ராத்திரி, ஜன்னலுக்குக் கீழே பேண்டுக்காரர்கள் தலையில் சுரங்க விளக்கோடு நின்று 'டேனி பாய்' வாசிக்கிறார்கள். அந்த ஒரு காட்சிக்காகவே இந்தப் படத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்ப்பேன்.

டூரிங்டாக்கீஸ்

நாயனக்காரரே, வருக! போட்டி நடக்கும் லண்டன் ஆல்பர்ட் ஹாலில் டேனி பேசும் பேச்சை விட்டுவிட்டீர்களே. கோப்பையை ஜெயித்த பிறகு, அது வேண்டாம் என்கிறார் டேனி. இசைதான் பெரிசு என்று இருந்தேன், மனுஷங்களுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை என்கிறார். 1997இல் உலகம் பூராவும் ஓடிய 'டப்தம்பிங்' பாட்டின் ஆல்பம் வடிவம் தொடங்குவதே அந்தப் பேச்சில் வரும் இவர் குரலோடுதான். பாட்டைக் கேட்டு ஆடிய முக்கால்வாசிப் பேருக்கு அது யார் குரல் என்று தெரிந்திருக்காது.

ஸ்பீல்பெர்க் இவரை உலகத்திலேயே சிறந்த நடிகர் என்று சொன்னாராம். 'தி லாஸ்ட் வேர்ல்ட்', 'அமிஸ்டாட்' இரண்டிலும் நடிக்கவைத்தவர். அதற்கு இவர் பதில்: ஸ்பீல்பெர்க் சொன்னது அப்படி இருக்காது, 'பீட் தன்னை உலகத்திலேயே சிறந்த நடிகர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்' என்றுதான் சொல்லியிருப்பார்.

கத்திரிவெயில்

அது நல்ல ஜோக். ஆனால் ஒரு முரண்பாடு கண்ணில் படுகிறது. நிலக்கரிச் சுரங்கத்தை மூடியதற்கு அழுத அதே ஆள், 2009இல் 'தி ஏஜ் ஆஃப் ஸ்டூப்பிட்' என்ற பருவநிலை மாற்றப் படத்தில் நடித்தார். அதன் திரையிடலில், கிங்ஸ்நார்த்தில் புது நிலக்கரி மின்நிலையத்துக்கு அனுமதி கொடுத்தால் எனக்குக் கொடுத்த ஓபிஇ என்ற பிரிட்டிஷ் அரசு விருதைத் திருப்பித் தந்துவிடுவேன் என்று மந்திரி எட் மிலிபாண்ட் எதிரிலேயே சொன்னார். நிலக்கரி வேண்டுமா, வேண்டாமா? ஏதாவது ஒன்று சொல்லவேண்டாமா?

லிவர்பூல்வாசி

முரண்பாடு மாதிரித் தெரியும், இல்லை. டேனி அழுதது கரிக்காக இல்லை. அந்தக் கரிதான் அவர் நுரையீரலைத் தின்றது. ஒரு ஊரையே வேலையில்லாமல் தெருவில் விட்டதற்காக அழுதார். இரண்டு இடத்திலும் அவர் சண்டை, மேலே உட்கார்ந்து முடிவெடுப்பவர்களோடுதான். அந்த கிங்ஸ்நார்த் திட்டம் பிறகு வரவே இல்லை. விருதும் அவரிடமே இருந்தது.

ஆனால் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். மூடிய ஊர்களில் இதைச் சொன்னால் எல்லாரும் தலையாட்டியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

ஈரோட்டுக்காரி

'இன் தி நேம் ஆஃப் தி ஃபாதர்' பற்றி யாருமே பேசவில்லையே. ஆஸ்கர் பரிந்துரை வாங்கிக்கொடுத்த படம் அதுதானே?

மூணாம்வரிசை

ஆமாம். அந்த வருஷம் சிறந்த துணை நடிகர் விருது 'தி ஃப்யூஜிடிவ்' படத்துக்காக டாமி லீ ஜோன்ஸுக்குப் போனது. ஒரு மாதிரி ரசிப்புக்குரிய விஷயம், அதே பட்டியலில் சின்னப் பையனாக லியனார்டோ டிகாப்ரியோவும் இருந்தார். மூன்று வருஷம் கழித்து 'ரோமியோ ஜூலியட்' படத்தில் அதே டிகாப்ரியோ ரோமியோ, இவர் பாதிரியார்.

கதை நிஜம். 1974 அக்டோபர் 5, கில்ஃபோர்டில் மதுக்கடைகளில் குண்டு வெடித்து ஐந்து பேர் செத்தார்கள். பெல்ஃபாஸ்ட் இளைஞன் ஜெரி கான்லனைப் பிடித்தார்கள். மகனுக்கு வக்கீல் வைக்க வந்த அப்பா ஜுசெப்பியையும் பிடித்தார்கள். இரண்டு பேரும் நிரபராதிகள். அப்பா 1980இல் கைதியாகவே செத்தார். மகன் வெளியே வந்தது 1989இல். அப்பாவின் தண்டனை ரத்தானது 1991இல், செத்துப் பதினொரு வருஷம் கழித்து.

படத்தில் இருவரும் ஒரே அறையில் அடைபட்டிருப்பார்கள். நிஜத்தில் அப்படி இல்லை. இயக்குநர் ஜிம் ஷெரிடன் செய்த மாற்றம் அது, நிறையப் பேர் கண்டித்தார்கள். நான் கண்டிக்கமாட்டேன். அந்த ஒரு பொய் இல்லாவிட்டால் அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளவே வழி இல்லை. நெஞ்சு சரியில்லாத, ஜெபம் சொல்கிற, மகனுக்கு எரிச்சலூட்டுகிற நல்ல மனுஷர். நல்லவரை நடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று மேடை ஏறியவர்களுக்குத் தெரியும். கொஞ்சம் அசந்தால் சாமியார் ஆகிவிடுவார். இவர் ஜுசெப்பி அப்படி ஆகவில்லை. மகன் எதற்கு அவர்மேல் அவ்வளவு கோபப்படுகிறான் என்பதும் நமக்குப் புரிகிறது. அவர் இறந்த ராத்திரி, கைதிகள் எரியும் காகிதங்களை ஜன்னல் வழியாக விடுகிறார்கள். இருட்டில் நெருப்புத் துண்டுகளாக இறங்கும்.

டூரிங்டாக்கீஸ்

எல்லாரும் நல்ல அப்பா, கெட்ட அப்பா என்று உருகுகிறீர்கள். என் ஓட்டு சார்ஜென்ட் ஹேக்ஸ்வில்லுக்கு. 1990களின் 'ஷார்ப்' தொலைக்காட்சித் தொடர், நெப்போலியன் காலத்துப் போர். தூக்கில் போட்டும் சாகாதவன், அதனால் தன்னை யாரும் கொல்ல முடியாது என்று நம்புகிறவன். தொப்பியைக் கழற்றி அதற்குள் தன் அம்மா இருப்பதுபோலப் பேசுவான். முகம் வெட்டி வெட்டி இழுக்கும். சிரிப்பும் வரும், குலையும் நடுங்கும். மூல நாவல்களில் இவனுக்கு நம் பக்கத்துத் தொடர்பும் உண்டு. 1799 ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில், திப்புவுக்கு எதிரான படையில் இருக்கிறான். தொலைக்காட்சியில் இவர் நடித்தது ஸ்பெயின் பகுதியை மட்டும்.

கடைசிக் காலத்து 'தி டவுன்' படத்தையும் விடாதீர்கள். பூக்கடைக்காரர் போர்வையில் ரவுடித் தலைவன். ரோஜாக் காம்பை வெட்டிக்கொண்டே ஒருவனுடைய அப்பாவைத் தான் எப்படி அடக்கினேன் என்று மகனிடமே சொல்வார். குரலே உயராது. பாஃப்டா பரிந்துரை வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

மூணாம்வரிசை

பாருங்கள், அங்கேயும் ஒரு அப்பா நுழைந்துவிட்டார்!

டூரிங்டாக்கீஸ்

அது அடுத்தவன் அப்பா சார். உங்கள் கணக்கில் சேராது.

கத்திரிவெயில்

சரி, சொன்ன வாக்குப்படி 'டிஸ்டன்ட் வாய்சஸ்' போட்டேன். மணி இப்போது ஒன்றரை. ராத்திரி, பிள்ளைகள் தூங்குகிறார்கள், காலுறைகளில் பரிசு போட்டுவிட்டு அப்படியே நின்று பார்க்கிறார். அடுத்து என்ன வரப்போகிறது என்று மூணாம்வரிசை சார் சொல்லிவிட்டார். தெரிந்துகொண்டு பார்த்தும் அந்த முகத்தில் அதற்கு ஒரு அறிகுறியும் கிடைக்கவில்லை. மூன்று தடவை பின்னால் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

மேஜைக் காட்சிக்கு இன்னும் போகவில்லை. நிறுத்தி வைத்திருக்கிறேன்.